என்ஜினைக் காக்குமா மென்பொருள்?

மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய நங்கநல்லூரில் வசிப்பவர்களுக்கு விமான ஓசை புதிதல்ல. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதும், ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து செல்லும்போதும் தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறந்து செல்வதைக் காணலாம். அவற்றுள் பல ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவை.

2025 நவம்பர் 28 அன்று அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 விமானங்களில் உடனடியாக மாற்றம் செய்ய வேண்டும் என்று ஏர்பஸ் அறிவித்தது. கடுமையான சூரியக் கதிர்வீச்சு, பறத்தலைக் கட்டுப்படுத்தும் கணினியின் தரவுகளைச் சிதைக்கக்கூடும் என்பதே காரணம். இந்தியாவில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட விமானங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஓரிரு நாள்களிலேயே சரிசெய்யப்பட்டன. ஏனெனில், பல விமானங்களுக்குத் தேவைப்பட்டது முந்தைய மென்பொருள் பதிப்புக்குத் திரும்புவது மட்டுமே.

அது என்ஜின் தொடர்பான கோளாறு அல்ல. ஆனால், இயந்திரத்தைச் சரிசெய்வது என்றாலே ஸ்பேனரும் உதிரி பாகங்களும் என்று எண்ணியிருந்த பொதுமக்களுக்கு, காலம் மாறிவிட்டதை அந்த நிகழ்வு உணர்த்தியது. அதனுடன் ஒரு கேள்வியும் எழுகிறது. தேய்ந்தும் உடைந்தும் போகக்கூடிய உலோகத்தாலான என்ஜினை, கண்ணுக்குத் தெரியாத மென்பொருளால் காப்பாற்ற முடியுமா?

ஓர் எல்லை வரை முடியும். இன்றைய என்ஜினில் எவ்வளவு எரிபொருள் செலுத்துவது, எந்தக் கணத்தில் தீப்பொறி எழுப்புவது, எவ்வளவு வேகத்தில் சுழல்வது ஆகியவற்றைக் கணினியே முடிவு செய்கிறது. எனவே, என்ஜின் தனக்குத் தானே தீங்கு விளைவித்துக் கொள்ளும் வகையில் இயங்குகிறது என்றால், அந்த இயக்கத்தை மாற்றி எழுதிச் சேதத்தைத் தவிர்க்கலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இண்டிகோ நிறுவனம் 2016 மார்ச்சில் பெறத் தொடங்கிய ஏ320 நியோ விமானங்களே. அவற்றில் பொருத்தப்பட்ட பிராட் அண்ட் விட்னி என்ஜினில் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. பறந்து வந்து நிறுத்திய பிறகு என்ஜினுக்குள் வெப்பம் மேற்புறமாகத் தேங்கும். சுழல் தண்டின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சூடாக இருப்பதால், தண்டு மிக நுண்ணிய அளவில் வளையும். அந்த நிலையில் மீண்டும் வேகமாகச் சுழற்றினால், சுழலும் தகடுகளின் முனைகள் உறையின் உட்புறத்தில் உராயும்.

இதற்கான முதல் தீர்வு பொறுமை. எரிபொருளைப் பற்ற வைக்கும் முன் தண்டை மெதுவாகச் சுழலவிட்டு வெப்பத்தைச் சமன் செய்ய வேண்டும். இதனால் என்ஜினை இயக்கத் தொடங்கவே சில நிமிடங்கள் பிடித்தன. முதல் விமானத்தைப் பெறவிருந்த கத்தார் ஏர்வேஸ் அதை ஏற்க மறுத்தது. 2016 ஜனவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா முதல் விமானத்தைப் பெற்றது. பின்னர் மென்பொருள் திருத்தமும், பேரிங்கில் அதிர்வைத் தாங்கும் புதிய அமைப்பும் சேர்ந்து அந்தக் காத்திருப்பைக் குறைத்தன. மென்பொருளும் உலோகமும் கைகோத்ததால் கிடைத்த தீர்வு அது.

சாலைக்கு வருவோம். அமெரிக்காவில் விற்பனையான ஹுண்டாய், கியா கார்களின் தீட்டா-2 என்ஜின்களில், உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் செல்லும் பாதையை அடைத்தன. ஆயில் கிடைக்காத பேரிங்குகள் தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின்கள் நின்றன, சில தீப்பற்றின. பின்னர் அந்த நிறுவனங்கள் ஒரு மென்பொருளை வழங்கின. என்ஜினில் ஏற்கெனவே இருந்த, எரிதலின்போது எழும் தட்டல் ஓசையை உணரும் சென்சாரைக் கொண்டே, பேரிங் தேயும்போது எழும் அதிர்வையும் அது இனம் கண்டது. அதிர்வு தெரிந்ததும் எச்சரிக்கை விளக்கை ஒளிரச் செய்து, வேகத்தைக் கட்டுப்படுத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மென்பொருள் துகள்களை அகற்றவில்லை. தேய்மானத்தைத் தடுக்கவும் இல்லை. நெடுஞ்சாலையில் நேரக்கூடிய விபத்தை, பட்டறையில் முடியும் பழுதாக மாற்றியது. அதற்குப் பிறகு என்ஜினை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் முன்வந்ததால்தான் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பு இருந்தது. அங்கும் எல்லாம் தாமாக நடந்துவிடவில்லை. கார்களைத் திரும்பப் பெறுவதில் தாமதித்ததற்காக 2020 நவம்பரில் அமெரிக்க அரசு அந்த இரு நிறுவனங்கள் மீதும் பெரும் அபராத நடவடிக்கை எடுத்தது.

மென்பொருளின் எல்லையையும் ஏ320 நியோ விமானங்களே காட்டின. 2018 மார்ச்சில், குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட என்ஜின்கள் பொருத்திய 11 விமானங்களை இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) தரையிறக்கியது. 2019 நவம்பரில், இண்டிகோவின் 97 விமானங்களில் திருத்தப்பட்ட என்ஜின்களைப் பொருத்துமாறு உத்தரவிட்டது. 2023-இல், என்ஜின் பாகங்களுக்கான உலோகத் தூளிலேயே மாசு கலந்திருந்தது தெரிய வந்தது. எந்த மென்பொருளும் பிளவுபட்ட உலோகத்தை ஒட்ட வைக்காது. பாகத்தைக் கழற்றி மாற்றுவது ஒன்றே வழியாக இருந்தது.

நங்கநல்லூர்வாசிகளுக்கு இந்த எல்லையைப் புரிந்துகொள்ள வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையைப் பார்த்தாலே போதும். கனமழையில் தேங்கிய நீருக்குள் காரை ஓட்டினால், காற்று செல்ல வேண்டிய குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகும். காற்றைப்போல நீர் அமுங்காது. பிஸ்டன் மேலெழும் விசையில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்தக் கணத்தில் கணினியால் செய்யக்கூடியது எதுவுமில்லை. நின்றுபோன காரை மீண்டும் மீண்டும் கிளப்ப முயல்வது சேதத்தைப் பெருக்கும். அங்கே என்ஜினைக் காப்பது ஓட்டுநரின் நிதானமும், மாநகராட்சியின் மழைநீர் வடிகாலும்தான்.

மற்றோர் அபாயமும் உண்டு. காக்கும் மென்பொருளே மறைக்கவும் வல்லது. சோதனைச் சாலையில் ஒரு முகமும் சாலையில் வேறு முகமும் காட்டிய வோக்ஸ்வேகன் டீசல் கார்களின் மோசடி 2015-இல் வெளியானது. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அப்பட்டமான மோசடி இல்லாமலும் இது நிகழலாம். ஒரு பாகம் பலவீனமானது என்று தெரிந்ததும், அதை மாற்றாமல், அதன் மீது சுமை விழாதபடி என்ஜினின் ஆற்றலைச் சற்றுக் குறைத்துவிடலாம். வாரண்டி காலம் கடந்துவிடும். செலவு உரிமையாளரின் தலையில் விழும்.

இங்குதான் விமானத்துக்கும் காருக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. விமானத்தில் எந்த மென்பொருள் பதிப்பு, எந்த நாளில், எதற்காக மாற்றப்பட்டது என்பது பதிவேட்டில் இருந்தாக வேண்டும். நாம் சர்வீஸுக்கு விடும் காரின் பில்லில் ஆயிலுக்கு ஒரு வரி, ஃபில்டருக்கு ஒரு வரி இருக்கும். மென்பொருள் மாற்றப்பட்டிருந்தால் அதற்கான வரியை அரிதாகவே காண முடிகிறது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு மத்திய அரசுக்கு அளிக்கிறது. வாகன மென்பொருள் மாற்றங்களை நெறிப்படுத்தும் ஐ.நா.வின் ஆர்156 விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி ஏஐஎஸ் 190 என்ற தர வரையறை இந்தியாவிலும் உருவாக்கப்பட்டுள்ளது. அதன் பயன் உற்பத்தியாளரின் கோப்புகளோடு நின்றுவிடாமல் வாகன உரிமையாளரைச் சென்றடைய வேண்டும்.

மென்பொருள் மாற்றம் ஒவ்வொன்றும் பில்லில் காரணத்துடன் இடம்பெற வேண்டும். மைலேஜோ ஆற்றலோ குறையுமானால் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். என்ஜின் சேதத்தைத் தவிர்க்க வெளியிடப்படும் மாற்றம், அரசிடம் தெரிவிக்கப்பட வேண்டிய குறைபாடாகவே கருதப்பட வேண்டும். அந்தப் பாகத்துக்கான வாரண்டியும் அதற்கேற்ப நீட்டிக்கப்பட வேண்டும்.

நல்ல மருத்துவர் மருந்து கொடுக்கும்போது, நோய் என்ன என்பதையும் சொல்கிறார். நம் காருக்கு மருந்து கொடுப்பவர்களிடமும் அதையே எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.