வீட்டுக் கணனி: லினக்ஸுக்கு மாறினால் வைஃபை எங்கே? பிரின்டர் ஏன் பேசவில்லை?



2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11ஐப் போடலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. 2017ஆம் ஆண்டுக்கு முன் வெளியான பெரும்பாலான கணனிகள் இந்த நிபந்தனையில் தோற்றுப் போகின்றன. பிள்ளையின் பாடங்கள், வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுடன் முகம் பார்த்துக் கதைப்பது, தையல் கணக்கு, கேக் ஓடர் என்று வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணனி ஒரே நாளில் “பழையது” ஆகிவிட்டது. புதியது வாங்குவதற்காக நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போக யோசிக்கும் சகோதரிகளும் இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதன் கருவை வெளியிட்டார். அதன் மேல் பலர் பல வகை லினக்ஸ்களைக் கட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் பழகிய கைகளுக்கு அவற்றில் எளிதானது லினக்ஸ் மின்ட். 2 ஜிபி நினைவகத்திலும் அது ஓடும். 4 ஜிபி இருந்தால் நல்லது.

இவ்வளவும் நல்ல செய்தி. ஆனால் மாறிய அன்றைக்கே வைஃபை காணாமல் போய், பிரின்டர் பேசாமல் இருந்து, “இது நமக்குச் சரிவராது” என்று கை விடுபவர்கள் பலர். அந்த இடத்தில் என்ன செய்வது என்பதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

டிரைவர் என்றால் என்ன?

சிங்களம் மட்டும் தெரிந்த ஓர் அதிகாரியிடம், தமிழ் மட்டும் தெரிந்த உம்மா ஒருவர் அலுவலாகப் போகிறார். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நடுவில் மொழி தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் அலுவல் நடக்காது. கணனிக்கும் பிரின்டருக்கும் நடுவில் நின்று பேசிக் கொடுப்பதுதான் டிரைவர். ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால் அது பழுது என்று அர்த்தமில்லை. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸில் இந்த டிரைவர்களைப் பெரும்பாலும் கருவியைச் செய்த கம்பனியே தரும். லினக்ஸில் அநேகமானவை கருவுக்குள்ளேயே சேர்ந்து வருகின்றன. ஆகவே பெரும்பாலான கருவிகள் செருகியவுடனேயே வேலை செய்யும். சில கம்பனிகள் மட்டும் தம் டிரைவர்களைத் திறந்து கொடுக்காமல் தனியாக வைத்திருக்கின்றன. பழைய லெப்டொப்களிலுள்ள சில புரோட்கொம் வைஃபை பகுதிகள், என்விடியா திரைப் பகுதிகள், சில லேசர் பிரின்டர்கள் ஆகியவை இந்த வகை. தொல்லை தருபவையும் பெரும்பாலும் இவைதான்.

நிறுவுமுன் சோதித்துப் பாருங்கள்

லினக்ஸ் மின்டை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்தே கணனியை இயக்கிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. (பென் டிரைவில் இருந்தவை அழிந்து விடும், வெறுமையான ஒன்றை எடுங்கள்.) அப்படி இயக்கிய நிலையில் வைஃபை, சத்தம், கெமரா, பிரின்டர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். லெப்டொப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்றும் பாருங்கள். எது வேலை செய்யவில்லை என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

நிறுவத் தீர்மானித்தால், முதல் வேலை படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுப்பது. நிறுவும்போது “டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு” என்ற தெரிவு வரும். அதை அழுத்திய பின் பிள்ளையின் சின்ன வயதுப் படங்களை யாராலும் எளிதில் திரும்பக் கொண்டுவர முடியாது.

வைஃபை காணவில்லையா?

முதலில் லெப்டொப்பின் விமானப் படம் போட்ட விசையைப் பாருங்கள். சிலவற்றில் பக்கத்தில் சிறு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். வைஃபை “தொலைந்த” லெப்டொப்களில் சில இந்த ஒரு விசையோடு சரியாகிவிடும்.

அது சரியாக இருந்தும் வைஃபை வரவில்லையென்றால், உள்ளே இருக்கும் பகுதி எந்தக் கம்பனியுடையது என்று அறிய வேண்டும. கொன்ட்ரோல், ஓல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டேர்மினல் என்ற கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களைச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதி என்டர் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் பகுதிகளின் பட்டியல் வரும். அதில் நெட்வேர்க் என்ற சொல் உள்ள வரியைக் குறித்துக் கொள்ளுங்கள். யூஎஸ்பியில் செருகும் வைஃபை என்றால் எல், எஸ், யு, எஸ், பி என்று எழுத வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். வைஃபை டிரைவரை எடுக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இதற்கு உங்கள் கைபேசி போதும். அன்ட்ரொய்ட் போனை சார்ஜ் வயரால் கணனியில் இணைத்து, போனின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கணனிக்கு இணையம் வந்துவிடும். பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் டிரைவரைத் தெரிவு செய்து, முடிந்ததும் கணனியை மீள இயக்குங்கள்.

கவனியுங்கள்! செக்கியுர் பூட் என்ற பூட்டு உள்ள கணனிகளில், டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லும். அடுத்த முறை இயங்கும்போது நீல நிறத் திரையொன்று சில விநாடிகள் மட்டும் காத்திருக்கும். அதில் ஒரு விசையை அழுத்தி, என்ரோல் என்று தொடங்கும் வரியைத் தெரிந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் விட்டால் டிரைவர் உள்ளே இருந்தும் வேலை செய்யாது. “எல்லாம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை” என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

யூஎஸ்பி வைஃபை புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியிலுள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் என்ற கருவியின் முதற் பதிப்பில் அதரோஸ் சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப் வந்தது. பெயர் ஒன்று, டிரைவர் வேறு. “லினக்ஸில் வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவீர்களா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

திரை கறுத்தால், சத்தம் வராவிட்டால்

என்விடியா பகுதியுள்ள கணனி பென் டிரைவிலிருந்து இயங்கும்போது திரை கறுத்து நின்றால், தொடக்க மெனுவில் கொம்பாட்டிபிலிட்டி மோட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். நிறுவிய பின் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைப் போடலாம். சத்தம் வராவிட்டால் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பதிலாக எச்டிஎம்ஐ தெரிவாகியிருக்கும்.

பிரின்டர்

லினக்ஸில் அச்சிடும் வேலையைக் கப்ஸ் என்ற மென்பொருள் கவனிக்கிறது. அண்மைக் கால வைஃபை பிரின்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே அச்சிடும். பிரின்டரும் கணனியும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும்.

எச்பி பிரின்டர்களுக்கு எச்பிலிப் என்ற மென்பொருள் மின்டிலேயே வருகிறது. ஆனால் லேசர்ஜெட் பி1102 போன்ற சிலவற்றுக்கு மேலதிகமாக பிளகின் ஒன்று வேண்டும். பிரின்டரைச் சேர்க்கும்போது அதுவே கேட்கும். இணையம் இருக்கும்போது சம்மதம் கொடுங்கள். எப்சன் இங்க் பிரின்டர்கள் பலவற்றுக்கு ஈஎஸ்சிபிஆர் என்ற டிரைவர் இருக்கிறது. கெனன் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும். அதற்குக் கெனன் வெளியிட்ட தனி டிரைவர் வேண்டும். அது இலகுவில் அமர்வதில்லை. தினமும் அந்தப் பிரின்டரில் தொழில் நடக்கிறதென்றால், அதை முதலில் சோதிக்காமல் விண்டோஸை அழிக்க வேண்டாம்.

மென்பொருள் நிறுவுதல்

விண்டோஸில் செய்ததுபோல் இணையத்தில் தேடி ஈஎக்ஸ்ஈ கோப்பை இறக்கி இரு முறை தட்டினால் இங்கே ஒன்றும் நடக்காது. சொஃப்ட்வெயார் மேனேஜரைத் திறந்து பெயரைத் தேடி நிறுவுங்கள். வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஒஃபிஸ் ஏற்கெனவே இருக்கும்.

நிறுவும்போது “லொக் கிடைக்கவில்லை” என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். பின்னணியில் வேறொரு புதுப்பித்தல் நடக்கிறது. இரண்டு பேர் ஒரே அடுப்பில் சட்டி வைக்க முடியாதல்லவா? பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் முயலுங்கள். இடையில் கணனியை அணைப்பதுதான் கெடுதல்.

நிறுவும் நடுவில் மின்வெட்டு வந்துவிட்டால் அடுத்த முறை எதுவும் நிறுவப்படாமல் பிழைச் செய்தி வரும். அதை மூடிவிடாமல் முழுவதும் வாசியுங்கள். எந்தக் கட்டளையை எழுத வேண்டும் என்பதை அந்தச் செய்தியே மேற்கோளுக்குள் சொல்லும். அதை எழுத்துக்கு எழுத்து டேர்மினலில் எழுதுங்கள். கடவுச்சொல்லை அடிக்கும்போது சில லினக்ஸ்களில் திரையில் ஒன்றும் தோன்றாது. அடித்து என்டர் அழுத்துங்கள், போதும். யாரோ எழுதியிருக்கும், உங்களுக்கு விளங்காத கட்டளைகளை மட்டும் அப்படியே கொப்பி செய்து போடாதீர்கள்.

தமிழ் எழுத்து

பழைய பாமினி எழுத்தில் அடித்த ஆவணங்கள் லினக்ஸில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். ஆவணம் கெடவில்லை. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது பாமினியின் முறை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலம்தான் தெரியும். விண்டோஸை அழிக்குமுன் பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். லினக்ஸில் அதை இரு முறை தட்டி நிறுவினால் ஆவணம் பழையபடி தெரியும். யுனிகோட் தமிழ் அடிக்க ஐபஸ் என்ற மென்பொருளையும் அதற்கான எம்17என் பகுதியையும் நிறுவுங்கள். தமிழ்99 விசை முறையும் நம் நாட்டு ரெங்கநாதன் விசை முறையும் அதில் இருக்கின்றன.

எல்லாம் சரியான அன்று

வைஃபை, பிரின்டர், தமிழ் எல்லாம் சரியான அன்றே டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளைத் திறந்து ஒரு பதிவு எடுத்து வையுங்கள். பின்னர் ஏதாவது புதுப்பித்தலில் குழம்பினால் அந்த நாளின் நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது கணனியின் அமைப்பைத்தான் காக்கும். உங்கள் படங்களை அல்ல. அவற்றுக்கு வெளி டிஸ்க்தான் காவல்.

பிள்ளையின் பாடத்துக்கோ தொழிலுக்கோ விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால், அந்தக் கணனியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மற்றவர்கள் தாராளமாக முயலலாம். செய்த ஒவ்வொன்றையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கடைக்குக் கொண்டு போக நேர்ந்தாலும், “வைஃபை வரவில்லை” என்று சொல்வதற்கும், “புரோட்கொம் பகுதி, டிரைவர் போட்டேன், நீலத் திரையில் கடவுச்சொல்லும் கொடுத்தேன்” என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது மாதிரிப் பேசும் சகோதரியிடம் “புதுசு வாங்குங்கோ” என்று சொல்லக் கடைக்காரர் இரண்டு முறை யோசிப்பார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.