கூடுதல் கணிதத்தை விட்டுடலாமா? நான்காம் படிவப் பாடத் தேர்வில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

மூன்றாம் படிவம் முடியும் நேரத்தில் பள்ளியில் ஒரு பாரம் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் எந்தெந்தப் பாடங்களைப் படிக்கப் போகிறீர்கள் என்று அதில் நிரப்ப வேண்டும். அப்போது உங்களுக்கு 15 வயது.

"கூடுதல் கணிதம் கஷ்டம், அதை விட்டுட்டு ஈஸியா ஏ எடுக்கிற பாடத்தைப் போடு" என்று ஒருவர் சொல்வார். "தமிழ்ல ஏ கிடைக்காது, ரிசல்ட்டைக் கெடுத்துக்காதே" என்று இன்னொருவர் சொல்வார். "சயின்ஸ் எடுக்காதவனுக்கு எதிர்காலமே இல்லை" என்று உறவுக்காரர் யாராவது பயமுறுத்துவார்.

இவர்களில் யார் சொல்வது சரி? அதற்கு முன், இந்த முடிவு ஏன் சிலருக்கு மட்டும் கூடுதல் பாரமாக இருக்கிறது என்று பார்ப்போம்.

செண்டாயானை எடுத்துக்கொள்ளுங்கள். சிரம்பானுக்கு அருகே, ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையுமாக இருந்த தோட்டப் பகுதி. தாத்தாவும் பாட்டியும் பால்மரம் சீவிய இந்த வட்டாரத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதுநகர் இருக்கிறது. தொழிற்பேட்டை, அனைத்துலகப் பள்ளி, விமானப்படைத் தளம் எல்லாம் வந்துவிட்டன. வேலைகள் மாறிவிட்டன. அந்த வேலைகளுக்குப் போகும் வழியோ நான்காம் படிவப் பாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

வசதியான வீட்டுப் பிள்ளை தவறான பாடத்தை எடுத்தால், தனியார் கல்லூரியில் பணம் கட்டி வேறு வழியில் போய்விடலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் யோசித்து எடுக்கணும்.

இப்போது தேர்வு முறை எப்படி இருக்கிறது?

2020 முதல் நான்காம் படிவத்தில் 'அறிவியல் பிரிவு', 'கலைப் பிரிவு' என்ற பழைய பிரிவினை கிடையாது. அதற்குப் பதிலாகப் பாடத் தொகுப்புகள் வந்தன. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவை சேர்ந்த தொகுப்பு ஒன்று. தூய அறிவியல் பாடங்களில் சிலவற்றோடு கணினி அறிவியல் போன்ற பாடங்களைக் கலந்து எடுக்கும் தொகுப்பு இன்னொன்று. தொழில்நுட்பம், வாழ்வியல் சார்ந்த தொகுப்பும் கலை, மனிதவியல் தொகுப்பும் இருக்கின்றன.

கேட்பதற்குச் சுதந்திரமாகத் தெரியும். ஆனால் உங்கள் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்தத் தொகுப்புதான் கிடைக்கும். பிடி3 தேர்வும் 2022-இல் ரத்தாகிவிட்டது. ஆக, பொதுத் தேர்வு முடிவைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பும் இப்போது இல்லை. உங்கள் பலம் எது, பலவீனம் எது என்று நீங்களேதான் கணிக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை ஏ? எந்தப் பாடத்தில் ஏ?

எஸ்.பி.எம். சான்றிதழில் காட்சிக்கலையில் வாங்கிய ஏ-வும் இயற்பியலில் வாங்கிய ஏ-வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "எத்தனை ஏ?" என்று கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சுலபமான பாடத்தைத் தேடிப் போகும் எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கேள்வி மாறிவிடும். அப்போது கேட்பது "எந்தப் பாடத்தில்?" என்று.

மருத்துவப் படிப்புக்கு எஸ்.பி.எம். அளவிலேயே உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் வேண்டும். கணிதம் அல்லது கூடுதல் கணிதமும் வேண்டும். மெட்ரிகுலேஷனில் அறிவியல் பிரிவுக்குப் போக வேதியியலும் கூடுதல் கணிதமும் கேட்பார்கள். பொறியியல் என்றால் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் நகர முடியாது. கணக்கியல் பக்கம் போகிறவருக்கு உயிரியல் தேவையே இல்லை.

ஒரு மாணவி கூடுதல் கணிதத்தை விட்டுவிட்டு ஒன்பது ஏ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அவர் ஆசைப்படுவது பொறியியல். அங்கே அந்த ஒன்பது ஏ அவருக்குக் கைகொடுக்காது. கூடுதல் கணிதத்தில் பி எடுத்த பக்கத்து வீட்டுப் பையனால் விண்ணப்பிக்கவாவது முடியும்.

தமிழை என்ன செய்வது?

நம் மாணவர்களுக்கு மட்டுமே உள்ள கேள்வி இது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது.

2008 எஸ்.பி.எம். தேர்வில் கிளந்தான் மாணவி ஒருவர் 20 ஏ எடுத்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே, 2010 முதல் ஒருவர் அதிகபட்சம் 10 பாடங்களே எடுக்கலாம் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அப்படியானால் முதலில் விடுபடப்போவது தமிழும் தமிழ் இலக்கியமும்தான் என்று இந்தியச் சமூக அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. கடைசியில் பத்துக்கு மேல் இரண்டு பாடங்கள் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அப்படிக் கேட்டு வாங்கிய இடத்தைத்தான் "தமிழ் வேணாம்" என்று நாமே காலியாக விடுகிறோம்.

இதில் உணர்வு மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. எஸ்.பி.எம்.-இல் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுக்கும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீடு நடப்பில் இருக்கும் நாட்டில் இது பெரிய விஷயம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி ஆகியவை ஐந்து. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவை நான்கு. மொத்தம் ஒன்பதுதான். பத்தாவது எங்கே? நம்மில் பலருக்கு அது தமிழ்தான். தமிழை விட்டுவிட்டு வேறு பாடமும் எடுக்காவிட்டால், ஒன்பதிலும் ஏ எடுத்தாலும் 10 ஏ என்ற கணக்கில் வர மாட்டீர்கள். (ஏ- இந்தக் கணக்கில் சேருமா என்பதும் பின்னர் விவாதமானது. எனவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.)

தமிழ்ப்பள்ளி ஆசிரியராகும் ஆசை இருந்தால் தமிழ் விருப்பப் பாடம் அல்ல, அடிப்படைத் தேவை.

"எங்க ஸ்கூல்ல தமிழ் வகுப்பே இல்லையே" என்கிறீர்களா? குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதம் அது.

எஸ்.பி.எம். முடிந்ததும் அதே கேள்வி

அப்போது அது "மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா?" என்று வரும். மெட்ரிகுலேஷன் ஓராண்டு. எஸ்.டி.பி.எம். மூன்று தவணைகளாக ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. ஆறாம் படிவம் கடினமானது என்ற பெயர் நீண்ட காலமாகவே உண்டு. ஆனால் இரண்டையும் முடித்தவர்கள் யூ.பி.யூ. வழியாக ஒரே அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு.

கஷ்டமான வழியில் வந்தவருக்குக் கூடுதல் புள்ளி கிடையாது. 'இது நியாயமா?' என்ற கேள்வி பல ஆண்டுகளாக எழுப்பப்படுவது இதனால்தான். ஆனாலும் ஆறாம் படிவத்துக்கு ஒரு பலம் உண்டு. எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. இடம் கிடைக்காத கோபத்தில் படிப்பையே நிறுத்திவிடுவதைவிட ஆறாம் படிவம் எவ்வளவோ மேல்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஆஸ்திரேலியாவில், ஒரு பாடத்தை எடுத்த மாணவர்களின் பொதுவான திறனைப் பார்த்து அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணை ஏற்றியும் இறக்கியும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, மாணவர் எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தார் என்பதையும் பார்க்கின்றன.

பிரிட்டனில் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமம், பல படிப்புகளுக்கு உதவும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. மற்ற பாடங்களுக்கு மதிப்பில்லை என்பதுபோல அது புரிந்துகொள்ளப்பட்டதாக விமர்சனம் வந்தது. 2019-இல் பட்டியலைக் கைவிட்டார்கள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் என்று தேடிப் பார்க்கும் இணையதளத்தைக் கொண்டுவந்தார்கள். நமக்கும் பொருந்தும் பாடம் இதுதான்.

அப்போ எல்லாக் கஷ்டமான பாடத்தையும் எடுக்கணுமா?

வேண்டாம். மூன்றாம் படிவ இயற்கணிதத்திலேயே தடுமாறுகிறவர் கௌரவத்துக்காக நான்கு கடினமான பாடங்களை எடுத்தால், அவை மலாயையும் வரலாற்றையும் படிக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். அந்த இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது.

உயிரியலில் ஆர்வமில்லையா? கூடுதல் கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் என்று உங்கள் பள்ளியில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கைத்தொழிலில் விருப்பமா? தொழிற்கல்லூரி, பாலிடெக்னிக் வழியும் நல்ல வழிதான். பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்துப் பட்டப் படிப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாரத்தை நிரப்பும் முன்

* பிடித்த மூன்று படிப்புகளை எழுதுங்கள். அவற்றின் நுழைவுத் தகுதியை யூ.பி.யூ. தளத்தில் பாருங்கள். மூன்றிலும் கேட்கும் பாடத்தை விடாதீர்கள்.
* எதையும் இன்னும் முடிவு செய்யவில்லையா? கணிதமும் மொழியும் தாங்கும் அளவுக்குக் கூடுதல் கணிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விடுவது சுலபம், சேர்வது கடினம்.
* தமிழை விடும் முன் உங்கள் பாடங்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணுங்கள்.
* அண்ணன், அக்கா யாராவது அந்தப் படிப்பில் இருந்தால் பேசுங்கள். உறவுக்காரர் பேச்சைவிட அது உதவும்.

அப்பா அம்மாவுக்கு இந்தத் தொகுப்புப் பெயர்கள் புரியாமல் இருக்கலாம். அவர்கள் படித்த காலத்தில் இது இல்லை. பாரத்தை அவர்கள் கையெழுத்துக்கு மட்டும் நீட்டாமல், ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து விளக்குங்கள். ஏன் இந்தப் பாடம் என்று அவர்களுக்குப் புரியும்படி உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், பாரத்தைக் கொடுக்கும் முன் இன்னொரு முறை யோசிக்க வேண்டும் என்று அர்த்தம்.