பார்த்தாச்சு, அடுத்து எங்கே?

சங்ககிரிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் அவசரத்தைக் கண்டால் வயிறு எரிகிறது. காலையில் இயற்கை விவசாயத் தோட்டம், உச்சி வெயிலில் மலைக்கோட்டை, அப்புறம் திருச்செங்கோடு, இருட்டுவதற்குள் பவானி கூடுதுறை. எல்லாம் ஒரே நாளில் முடிந்தாக வேண்டுமாம்.

எங்கள் சித்தப்பா தோட்டத்துக்கும் இப்படித்தான் வருகிறார்கள். அவர் ரசாயன உரத்தை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. வந்தவர்களை உட்கார வைத்து ஜீவாமிர்தம் என்னும் இயற்கை உரக் கரைசலின் கணக்கைச் சொல்வார்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பிலிருந்து ஒரு பிடி மண். இரண்டு நாள் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். அந்த ஒரு பிடி மண்ணில்தான் விஷயமே இருக்கிறது. சாணத்தில் உள்ளதோடு அதிலுள்ள நுண்ணுயிரும் தொட்டியில் பெருகிக் காட்டுக்குப் போகிறது. அவர் இந்த விஷயத்துக்கு வருவதற்குள் பாதிப்பேர் கன்றுக்குட்டியோடு செல்ஃபி எடுக்கக் கட்டுத்தறிக்குப் போயிருப்பார்கள்.

கிளம்பும்போது மட்டும் நின்று கேட்பார்கள்: "கடலைக்காய் கிலோ என்ன விலைங்க?" சொன்னால், "கடையில இதைவிடக் கம்மிதானுங்களே!" களைக்கொல்லி அடிக்காத காட்டில் ஆள் விட்டுத்தான் களை எடுக்க வேண்டும். அந்தக் கூலியை யார் கொடுப்பது? மாலில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறவர்கள், வியர்வையோடு நிற்கிற மனுசனிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். சித்தப்பா குறைத்தும் கொடுத்துவிடுவார். எனக்குத்தான் ஆறவில்லை.

இனிச் சங்ககிரிக் கோட்டைக்கு வாருங்கள். தீரன் சின்னமலையையும் அவர் தம்பிகளையும் 1805இல் வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்ட இடம் இது. அவர் நினைவாக ஆடி 18 அன்று மாலையும் கூட்டமுமாக இருக்கும். மற்ற நாளில் வருகிறவர்கள் ஆணியால் சுவரில் பெயர் கீறிவிட்டுப் போகிறார்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்று பலகை வைத்தும் பயனில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக மலையைச் சுற்றி எழும் மதில்களில், விஜயநகரக் காலம் தொட்டுத் திப்பு, கும்பினி வரை எத்தனை கைகள் மாறிய கதை இருக்கிறது! சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தர்காவும் இதே மலையில்தான். பெரும்பாலோர் முதல் சில வாசல்களோடு மூச்சு வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். வெயிலில் ஏறினால் வேறென்ன நடக்கும்?

திருச்செங்கோட்டில் இன்னும் மோசம். மேலே வரை கார் போவதால் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படிப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பாறையில் செதுக்கிய 60 அடி நாகம் படி வழியில் இருக்கிறது. படியேறிப் போகிறவர்கள் அதற்கு மஞ்சளும் குங்குமமுமாகப் பூசி வணங்குகிறார்கள். வழக்கு என்று வந்தால் நின்று சத்தியம் செய்த படியும் அங்கேதான். காரில் போனவர்கள் அர்த்தநாரீஸ்வரரை மட்டும் கும்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியைத் திருப்புகிறார்கள்.

ஒரு நாளுக்கு ஒரு இடம் பாருங்கள், போதும். கோட்டைக்கு வெயில் ஏறுமுன் வாருங்கள், தண்ணீர்ப் பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போங்கள். தோட்டத்துக்கு வந்தால் சித்தப்பா சொல்லி முடிக்கும்வரை இருங்கள். கடலைக்காய் விலை கட்டவில்லை என்றால் வாங்காமல் போங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பேரம் மட்டும் பேசாதீர்கள்.