‘மருந்து’ என்னும் ஒற்றைச் சொல்

ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் திராட்சை வாங்குபவர் கேட்பது ஒரே கேள்விதான்: “மருந்து அடிச்சதா?” விற்பவரின் விடையும் ஒன்றே: “அடிக்காம எது விளையுதும்மா?”

பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, பயிர் வளர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒழுங்குபடுத்திகள் ஆகிய அனைத்தும் பேச்சுத்தமிழில் ‘மருந்து’ என்றே வழங்குகின்றன. கடைக்காரர் சிலவற்றை ‘டானிக்’ என்கிறார். சட்டத்தின் பெயரிடல் இன்னும் விந்தையானது. ஒரு பூச்சியையும் கொல்லாத ஜிப்ரலிக் அமிலமும் எத்தெஃபானும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வருகின்றன.

பெயர் குழம்பினால் கண்காணிப்பும் குழம்பும். 2010-இல் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் விலைபோகாமல் தேங்கியது. கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தக் காலங்காலமாகத் தெளிக்கப்பட்டுவந்த குளோர்மெக்வாட், அங்குள்ள வரம்பான கிலோவுக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. ஏற்றுமதிக்கு முன் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அப்பொருள் இடம்பெறவே இல்லை. நட்டத்தைச் சுமந்தவர்கள் உழவர்களும் ஏற்றுமதியாளர்களும். அதன் பின்னரே அது பட்டியலில் ஏறியது.

எச்ச வரம்பு என்பது நஞ்சின் எல்லைக்கோடு அன்று. பரிந்துரைத்த அளவில், பரிந்துரைத்த நாளில் தெளித்தால் விளைபொருளில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கொண்டு வகுக்கப்பட்டு, உண்பவருக்குத் தீங்கில்லை என்று சரிபார்க்கப்படும் அளவு அது. வரம்பு மீறிய பழத்தை உண்டவர் உடனே நோயுறுவார் என்பதில்லை. தோட்டத்தில் முறை தவறியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே, அந்த எண் நுகர்வோரை மட்டுமன்றி, தவறான அறிவுரைக்கு இரையாகும் உழவரையும் காக்க வல்லது.

ஆனால் அந்தக் காவல் சமமாக இல்லை. ஐரோப்பாவுக்குச் செல்லும் திராட்சை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பது பதிவாகிறது. ஏற்றுமதிக்கு முன் ஆய்வகச் சோதனையும் நடக்கிறது. தள்ளுவண்டிக்கு வரும் குலைக்கு அத்தகைய பதிவு இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எப்போதேனும் எடுக்கும் மாதிரியில் அது சிக்கினால் உண்டு.

‘டானிக்’ புட்டிகளுக்கும் 2021-இல்தான் கடிவாளம் வந்தது. உயிரியல் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டு, அவற்றில் பூச்சிக்கொல்லி 0.01 பிபிஎம்முக்கு மேல் இருத்தலாகாது என விதிக்கப்பட்டது. விதி நன்று. அதைக் கடையில் சோதிப்பவர் வேண்டும்.

கோலார் மாவட்டச் சந்தைகளில் முறையாக மாதிரி எடுத்து, முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் சந்தை வாயிலில் எழுதி வைப்பது அரசுக்கு எட்டாத காரியமன்று. அயல்நாட்டார் உண்ணும் பழத்துக்குச் செய்ய முடிந்ததை, தங்கவயலார் உண்ணும் பழத்துக்கும் செய்யலாம். அதுவரை அந்தக் கேள்விக்குச் சந்தையில் மெய்யான விடை கிடைக்காது.