இஸ்தோப்புக்கு ஓர் அரைச்சுவர்

கார்த்திகை பிறந்துவிட்டால் கொத்மலைப் பக்கத்து லயங்களில் வாசலுக்கு வாசல் ஒரே வேலைதான். பழைய உரப்பைகளைக் கழுவி, வெயில் கண்ட நேரத்தில் காயப்போட்டு, நாலைந்தை ஒன்றாகச் சேர்த்துக் கோணி ஊசியால் தைக்கிறோம். பூண்டுலோயாவுக்கோ தவலந்தென்னைக்கோ போகிறவர்களிடம் சொல்லித் தறப்பாளும் கட்டுக்கம்பியும் வாங்குகிறோம். குளிர் இறங்குவதற்குள், வீட்டு முன்பக்கத்துத் திறந்த வராந்தாவான இஸ்தோப்பை மூடியாக வேண்டும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் அந்தச் சாக்கு மறைப்புக்குள்தான் எங்கள் குடித்தனம்.

இஸ்தோப்பு என்றால் ஏதோ செருப்பு கழற்றிப்போடும் இடம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் காம்பரா என்ற அறை 10க்கு 12 அடி. அதில் ஒரு கட்டிலும் அலுமாரியும் போட்டால் நடக்க வழியில்லை. மிச்ச சீவியம் முழுக்க இஸ்தோப்பில்தான் நடக்கிறது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது அங்கே. பிள்ளைகள் பாடம் எழுதுவது அங்கே. கவ்வாத்து மலையிலிருந்து தூக்கிவந்த மிலாறு விறகு காய்வது அங்கே. வயசானவர்கள் படுப்பதும் அங்கேதான். எங்கள் வீட்டில் அப்பாயி படுக்கிறார். அறுபது வயதுவரை கொழுந்தெடுத்து, பென்சன் இல்லாமல், சேமலாபப் பணத்தோடு நின்றுவிட்ட மனுசி. இரண்டு கம்பளி போர்த்தியும் விடியற்காலையில் அவருக்குக் கால் விறைத்துப்போகிறது.

நுவரெலியாவில் பனி உறைந்து புல் வெளுத்துக் கிடப்பதைத் தை மாதத்தில் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எங்கள் பக்கம் அந்தளவுக்கு இல்லை. ஆனால் கொத்மலை ஓயாப் பள்ளத்திலிருந்து ஏறிவரும் காற்றுக்கும் மூட்டத்துக்கும் முன்னால் ஒரு தறப்பாள் எம்மாத்திரம்? இரவெல்லாம் படபடவென்று அடித்து, கம்பி கட்டிய மூலையில் கிழிந்துவிடுகிறது. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளுக்குத் தார் வைக்கிறோம். காற்றில் தகரம் கிளம்பாமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும் ஏற்றுகிறோம். அவ்வளவு செய்தும், உள்ளே எரிந்த அடுப்பின் சூடும் வெளிக் குளிரும் சேர்ந்து தகரம் வேர்த்து, சொட்டுச் சொட்டாகப் பாய்மேல் விழுகிறது. காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் ஈரப் பாயை எங்கே காயப்போடுவது? வெளியே மூட்டம்.

குளிரைவிட எனக்குப் பயம் புகைதான். இஸ்தோப்பு திறந்திருந்தால் அடுப்புப் புகை எப்படியோ வெளியே போய்விடும். தறப்பாள் கட்டிய அன்றிலிருந்து அது வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. ஈர மிலாறு எரிகிற புகை கண்ணைக் கரிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மார்கழி முழுக்க இருமல். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் மருந்து தருவார்கள். புகைபோக்கி யார் தருவார்? துரை பங்களாவில் புகைபோக்கி வைத்த கணப்பும், கண்ணாடி போட்ட வராந்தாவும் அந்தக் காலத்திலேயே கட்டினார்கள். இந்த மலையில் குளிரும் என்பது லயத்தைக் கட்டியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தறப்பாள் நெருப்புப் பட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுக்கப் பரவிய சம்பவங்கள் மலையகத்தில் கொஞ்சமா நஞ்சமா?

மூன்றடி உயரத்துக்குக் கல் வைத்து, மேலே கண்ணாடிச் சட்டம் ஒன்று மாட்டினால் இந்தப் பாடு பாதி குறையும். எங்கள் செலவிலேயே செய்கிறோம் என்றுதான் தோட்டத்து ஒப்பிசில் கேட்டோம்.

“ஐயா, அரைச்சுவர்தான். அப்பாயிக்குக் குளிர் தாங்கல.”

“எழுதிக் குடுத்திட்டுப் போங்க. தொரை பெர்மிசன் இல்லாம ஒரு கல்லுகூட வைக்கக் கூடாது. வச்சா ஒடைக்கச் சொல்லுவாங்க.”

எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. தகரம் மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. நிர்வாகம் தானும் திருத்துவதில்லை, எங்களைத் திருத்த விடுவதுமில்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு கல் வைக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருப்பது காணி எங்களுடையது இல்லை என்பதால்தான். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கொம்பனிகளிடம் கொடுத்தது. காணி அரசுடையது, குத்தகை கொம்பனியுடையது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இந்திய உதவியில் 4,000 வீடு, அதற்குமேல் 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்த 10,000 வீடு என்று கணக்குச் சொல்கிறார்கள். லயத்தில் இன்னும் இருக்கிற குடும்பங்களோ அதைப்போலப் பல மடங்கு. வீடு வரும்வரை மார்கழி காத்திருக்குமா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையெல்லாம் சரிந்தபோது நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிலிருந்து லயத்துக்குப் பின்னால் இருக்கிற கானைத் துப்புரவாக்காமல் யாரும் தறப்பாளில் கை வைப்பதில்லை. பின்பக்கம் மண் இறங்குமோ என்ற பயம், முன்பக்கம் குளிர். அந்தக் கானையும் நாங்களேதான் வெட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமையில்.

புது வீட்டுத் திட்டம் அதன்பாட்டுக்கு நடக்கட்டும். தோட்ட நிர்வாகங்களிடமும், அவர்களுக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்த அரசிடமும் இப்போதைக்கு நாங்கள் கேட்பது சின்ன விசயம். ஒக்டோபர் மழைக்கு முன்னால் ஓட்டைத் தகரங்களை மாற்றித் தாருங்கள். அடுப்புக்கு ஒரு புகைபோக்கி வையுங்கள். அதுவும் முடியாதென்றால், எங்கள் காசில் அரைச்சுவர் கட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுங்கள்.