இயந்திரத்துக்கும் அலகு வேண்டும்

"இப்போது திடலில் ஓடலாமா?"

சென்ற தவணையில் ஒரு பிற்பகல், என் இணைப்பாட நடவடிக்கை மாணவர்கள் தாங்களே உருவாக்கிய உதவியாளரிடம் இப்படிக் கேட்டார்கள். அது ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர். கேள்விக்கு ஏற்ப வெளியில் உள்ள கருவிகளை அழைத்துத் தகவல் வாங்கிவரும் மென்பொருளை அப்படிச் சொல்கிறோம். ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைக்கப் பயன்படும் வாசல்தான் ஏபிஐ.

"ஓடலாம், காற்றுத் தரம் மிதமாக உள்ளது" என்று உடனே பதில் வந்தது. சன்னலுக்கு வெளியே எதிர்ப் புளோக்கு மங்கலாகத் தெரிந்தது. அறைக்குள்ளேயே புகை வாடை அடித்தது. அந்தக் குழுவில் ஒரு மாணவிக்கு ஆஸ்துமா.

"ஏஐ முட்டாள், சார்" என்றான் ஒருவன். நான் அதை ஏற்கவில்லை. தவறு நாங்கள் எழுதியதில் இருந்தது.

சிங்கப்பூர் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து இரண்டு ஏபிஐகளை எடுத்து முகவருக்குக் கருவிகளாகக் கொடுத்திருந்தோம். ஒன்று 24 மணி நேர பிஎஸ்ஐ அளவைத் தருவது. மற்றது கடந்த ஒரு மணி நேரத்தின் பிஎம்2.5 அளவைத் தருவது. இரண்டுக்கும் மாணவர்கள் எழுதிய விளக்கம் ஒன்றே: "காற்றுத் தரத்தைத் தரும்." நானும் அதைப் படித்துவிட்டுச் சரி என்றேன். முகவர் கருவியின் உள்ளே இருக்கும் நிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு தர வேண்டும் என்ற குறிப்பு ஆகியவைதான் அதற்குத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு விளக்கங்களில் ஒன்றை அது எடுத்துக்கொண்டது. அது 24 மணி நேரக் கருவியாகிப் போனது.

இதனால் என்ன வேறுபாடு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 மணி நேரம் பிஎம்2.5 அளவு ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம். கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் 164. மொத்தம் 624, அதை 24ஆல் வகுத்தால் சராசரி 26தான். பிஎஸ்ஐ கணக்கில் இது மிதமான நிலை. ஆனால் நீங்கள் இப்போது சுவாசிப்பது 164. அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியம், உடனடி நடவடிக்கைகளுக்கு ஒரு மணி நேர பிஎம்2.5 அளவைப் பார்க்கச் சொல்கிறது.

விளக்கத்தைத் திருத்தினோம்: "கடந்த ஒரு மணி நேரத்தின் பிஎம்2.5 அளவு. அலகு, ஒரு கன மீட்டருக்கு மைக்ரோகிராம். இப்போது வெளியில் செல்லலாமா என்ற கேள்விக்கு இதைப் பயன்படுத்தவும். நாளைக்கான திட்டத்துக்கு இது பொருந்தாது." நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பதில் மாறியது. அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைப்பவன் நான். அன்று எனக்கே குறைந்தது.

பேருந்துக் கருவியிலும் இதே பாடம் கிடைத்தது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பேருந்து வருகைத் தரவு, கூட்டத்தை எஸ்இஏ, எஸ்டிஏ, எல்எஸ்டி என்ற எழுத்துகளால் குறிக்கிறது. இருக்கை உண்டு, நிற்க இடம் உண்டு, நிற்க இடம் குறைவு என்று அவற்றுக்குப் பொருள். ஆணையத்தின் வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது. எங்கள் விளக்கத்தில்தான் விட்டுப்போனது. நிறுத்த எண்ணிலும் இடறினோம். அது 5 இலக்கம். சில எண்கள் 0இல் தொடங்கும். அதை எழுத்துத் தொடராக அனுப்பச் சொல்லாவிட்டால் 08057 என்பது 8057 ஆகிவிடும். பிறகு எந்தப் பேருந்தும் வராது! எங்கள் கருவி "பிழை" என்று மட்டும் சொன்னதால் முகவர் அதே தவற்றை மூன்று முறை செய்தது. "நிறுத்த எண் 5 இலக்கமாக இருக்க வேண்டும், முன்னுள்ள சுழியத்தை நீக்க வேண்டாம்" என்று பிழைச் செய்தியை மாற்றிய பிறகு தானே திருத்திக்கொண்டது.

அடுத்த ஆண்டு இன்னும் கெட்டிக்கார ஏஐ வந்துவிடும், எதற்கு இவ்வளவு எழுத வேண்டும் என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். திரையில் 62 என்ற எண் மட்டும் இருக்கிறது. அது ஒரு மணி நேரத்துடையதா, ஒரு நாளின் சராசரியா? யாரும் சொல்லாவிட்டால், எவ்வளவு பெரிய அறிவாளியும் ஊகிக்கத்தான் முடியும். மனிதர் என்றால் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். முகவர் பல வேளைகளில் கேட்காமலே ஊகித்து, உறுதியான குரலில் பதில் சொல்லிவிடுகிறது.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது. ஒரு குழு பிஎம்2.5 துகள் எப்படி உருவாகிறது என்பதுவரை எழுதியிருந்தது. கட்டுரைக்கு அது அழகு. முகவரோ எல்லாக் கருவிகளின் விளக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேவையற்ற வரிகள் தேவையானதை மறைத்துவிடும்.

இப்போது எங்கள் குழுக்களில் விளக்கத்தைத்தான் முதலில் எழுதச் சொல்கிறேன். அதை வேறு குழுவிடம் கொடுக்கிறோம். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று அவர்கள் சரியாகச் சொன்ன பிறகே நிரல் தொடங்கும். போன வாரம் ஒரு குழு "வெப்பநிலையைத் தரும்" என்று எழுதிக் கொண்டுவந்தது. நான் வாய் திறப்பதற்குள் ஆஸ்துமா உள்ள அந்த மாணவியே கேட்டுவிட்டாள்: "எந்த இடத்து வெப்பநிலை, எத்தனை மணிக்கு அளந்தது?"