பெட்டிக்குள் தேங்கிய தண்ணீர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறேகால் மணி. பாயான் லெப்பாசில் என் மகளுக்கு முதல் நேர்முகத் தேர்வு. அவளுடைய வெள்ளைச் சட்டையை நான்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை, முதுகு எல்லாம் முடிந்து கழுத்துப்பட்டைக்கு வந்தபோது நீராவி பட்டனை அழுத்தினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. கூடவே தேயிலைச் சாயம் மாதிரி பழுப்புத் தண்ணீரும் வந்து சட்டையின் மார்பில் வழிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து பழைய நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தவறு பெட்டியுடையது அல்ல, என்னுடையது. தேய்த்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல், அப்படியே அலமாரியில் வைப்பது என் வழக்கம். பல மாதமாக அப்படித்தான். வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. என் தாத்தா டோபி. ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் நம்மவர்கள் வண்ணான் துறை என்று சொல்லும் டோபி காட்டில் துவைத்து, காயவைத்து, தேய்த்துப் பிழைத்தவர். மூடியின் கொக்கியில் சேவல் நிற்கும் பித்தளைக் கரிப்பெட்டி அவருடையது. சிரட்டைக் கரி போட்டால் என் இரண்டு கையாலும் தூக்க முடியாது. துணியில் வைக்குமுன் வாழையிலையில் ஓர் இழுப்பு இழுப்பார். இலையின் மெழுகு பட்டுப் பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடும். இரவு எத்தனை மணியானாலும் சாம்பலைக் கொட்டித் துடைக்காமல் படுக்க மாட்டார். சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஈரம் பெட்டியைத் தின்னும் என்பார். சாம்பலுக்குப் பதில் தண்ணீர். அவ்வளவுதான் வித்தியாசம்.

குழாய்த் தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்புகள் உள்ளேயே தங்கிவிடும். தேங்கிய நீரில் அவை இறுகும். துணி மென்மையாக்கியோ வாசனைத் தண்ணீரோ ஊற்றியிருந்தால் அது சூட்டில் கருகிப் பழுப்பாகும். இவைதான் ஒருநாள் வெள்ளைச் சட்டையில் வந்து விழுகின்றன. வெறும் தண்ணீரே சொட்டினால் பயப்பட வேண்டாம். சூடு போதவில்லை என்று பொருள். ஒற்றைப் புள்ளியில் அடித்தகடு 110 டிகிரியைத் தாண்டக்கூடாது. இரண்டு புள்ளிக்கு 150, மூன்றுக்கு 200. பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு புள்ளிக்கு மேல் போனால்தான் ஒழுங்காக ஆவி வரும்.

அன்று மாலை உள்ளே சுத்தம் செய்தேன். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, உச்ச சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் கிடையாகப் பிடித்து, சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தியபடி மெல்ல ஆட்டினேன். கொதிநீரும் ஆவியும் கொட்டும், கை பத்திரம். முதல் தடவை காப்பி நிறம், மூன்றாம் தடவை தெளிந்த நீர். பக்கத்து வீட்டு அக்கா வினிகர் ஊற்றச் சொன்னார். என் பெட்டியின் கையேடு வேண்டாம் என்கிறது. உங்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடித்தகட்டில் கருகல் ஒட்டியிருந்தால், பெட்டி முழுக்க ஆறியபின் சோடா மாவைக் குழைத்து ஈரத்துணியால் துடையுங்கள். ஆவித் துளைகளுக்குப் பஞ்சுக்குச்சி போதும். சூடான பெட்டியில் பனடோல் மாத்திரையைத் தேய்க்கும் வித்தையும் நம் ஊரில் பிரபலம். கருகல் கழன்று வருவது உண்மைதான். ஆனால் புகை மூக்கைத் துளைக்கும், விரலும் சுடும். நான் அதை விட்டு வருடங்கள் ஆகின்றன. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மட்டும் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். ஒட்டாத பூச்சு ஒருமுறை கீறினால் போனதுதான்.

இதைவிட முக்கியம் வயர். சூடு ஆறுமுன் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறோமே, அதில்தான் வயரின் கழுத்து வெடிக்கிறது. உள்ளே செம்பு தெரிந்தால் டேப் ஒட்டி ஓட்டாதீர்கள். மின்சாதனம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து வயரையே மாற்றுங்கள். புதுப்பெட்டிதான் வாங்குவது என்றால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2,000 வாட் பெட்டி எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தண்ணீர்க் கெத்தலோடு ஒரே நீட்டிப்புக் கட்டையில் செருகினால் கட்டை உருகும். சுவர் பிளக்கே அதற்கு இடம்.

இப்போது முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, நிமிர்த்தி வைத்து ஆறவிடுகிறேன். கொட்டுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. மகளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. வெள்ளைச் சட்டையை மூன்று முறை ஊறவைத்தும் மார்பில் அந்தக் கறை இன்னும் லேசாகத் தெரிகிறது. வீட்டில் போட்டுக்கொள்கிறாள். தன் துணியைத் தானே தேய்த்துக்கொள்கிறாள், என்னிடம் தருவதில்லை.